விண்ட்லஸைக் கடைசியில் வாங்குங்கள்: 36 அடிப் பாய்மரப் படகுக்கு நங்கூரச் சங்கிலி ஏற்பாடு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பினாங்கில், பத்து உபான் பக்கம் நிற்கிறது உங்கள் படகு. கைமாறி வந்த 36 அடி பைபர் பாய்மரப் படகு, எடை ஏறக்குறைய 7 டன். 20 கிலோ நங்கூரம், 10 மி.மீ. சங்கிலி. இதுவரை கையாலேயே இழுத்து இடுப்பு போய்விட்டது. ஒருவர் பழைய 1000 வாட் மின்சார விண்ட்லஸ், அதாவது நங்கூரச் சங்கிலியை இழுத்துச் சுருட்டும் இயந்திரம், ஒன்றை விற்கத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா, கேபினில் இருக்கும் பேட்டரியிலிருந்தே வயர் இழுக்கலாமா, லங்காவி, தாய்லாந்துத் தீவுகள் என்று சுற்றுவதற்கு இது தாங்குமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த விண்ட்லஸ் கெட்டது என்று சொல்லவில்லை. இந்த வேலையில் விண்ட்லஸ்தான் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். முதலில் சங்கிலி எது என்று முடிவாக வேண்டும். அப்புறம் அந்தச் சங்கிலி உள்ளே எங்கே விழுகிறது, படகின் முன்முனையில் அது உருண்டு வரும் ரோலரிலிருந்து எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் சாதாரண விண்ட்லஸே பல வருடம் உழைக்கும். சரியில்லை என்றால் எவ்வளவு வெள்ளி போட்டு வாங்கினாலும் சிக்கிக்கொண்டுதான் நிற்கும்.

சங்கிலியிலிருந்து ஆரம்பிப்போம். 10 மி.மீ. என்று சொன்னால் மட்டும் போதாது. டின் 766 என்ற ஜெர்மன் அளவில் வரும் 10 மி.மீ. சங்கிலியில் ஒரு கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ. ஐஎஸ்ஓ அளவில் வருவதில் 30 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் விண்ட்லஸில் சங்கிலியைப் பிடிக்கும் பல் சக்கரம், அதைத்தான் ஜிப்சி என்கிறோம், ஒரு அளவுக்குத்தான் வார்க்கப்பட்டிருக்கும். அளவு மாறினால் முதல் கண்ணி குழியில் உட்காரும், அடுத்தது விளிம்பில் ஏறும், அதற்கடுத்தது 'டக்'கென்று குதிக்கும். பாரம் இல்லாதபோது ஒழுங்காகச் சுற்றுவது போலத்தான் இருக்கும். பாரம் ஏறும்போதுதான் வழுக்கும். அதுவும் ராத்திரியில், மழையில்.

கண்டுபிடிப்பது சுலபம். சங்கிலியை டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், நேராக இழுத்து வைத்துப் பத்துக் கண்ணி எண்ணுங்கள். முதல் கண்ணியின் உள்விளிம்பிலிருந்து பத்தாவது கண்ணியின் மறுகோடி உள்விளிம்பு வரை டேப் பிடியுங்கள். 280 மி.மீ. வந்தால் டின், 300 வந்தால் ஐஎஸ்ஓ. இரண்டும் இல்லாமல் வேறு அளவு வந்தால் அது அமெரிக்க 3/8 அங்குலமாக இருக்கலாம், அல்லது அளவு பார்த்துச் செய்யாத சாதாரணச் சங்கிலியாக இருக்கலாம். மீன்பிடிப் படகுகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சங்கிலி பெரும்பாலும் இந்தக் கடைசி ரகம். பலத்தில் குறை இல்லை, விலையும் மலிவு, ஆனால் கண்ணிக்குக் கண்ணி நீளம் கொஞ்சம் மாறும். கையால் இழுப்பவருக்குப் பரவாயில்லை, ஜிப்சிக்கு ஆகாது. இந்தக் கரையில் நிற்கும் படகுகள் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து கைமாறியவை. அதனால் பழைய சொந்தக்காரர் சொன்ன அளவை நம்பாமல் நீங்களே அளந்துவிடுவது நல்லது.

உங்கள் படகுக்கு 10 மி.மீ. தேவையா என்பது அடுத்த விஷயம். என் கருத்து, தேவையில்லை. 8 மி.மீ. கிரேடு 40 சங்கிலி அறுவதற்குச் சுமார் 4 டன் இழுவிசை வேண்டும். அமெரிக்கப் படகுக் கட்டுமான நியமங்களின் அட்டவணையில் 35 அடிப் படகுக்கு 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) காற்றில் நங்கூரத்தில் விழும் பாரம் ஏறக்குறைய 900 பவுண்டு, 42 நாட் காற்றில் 1800. கிலோவில் சொன்னால் 400, 800. காற்று ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பாரம் இரட்டிப்பாகிவிட்டது பாருங்கள். அப்படியும் 4 டன்னுக்குப் பக்கத்தில் வரவில்லை. எடை எப்படி என்றால், 8 மி.மீ. மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, 10 மி.மீ. 2.2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 60 மீட்டருக்கு வித்தியாசம் 50 கிலோ, அது முழுக்கப் படகின் மூக்கில் உட்காரும். 36 அடிப் படகில் மூக்கில் 50 கிலோ கூடினால் எதிர் அலையில் அது முங்கி முங்கிப் போவதை நீங்களே உணர்வீர்கள். அந்த எடையில் ஒரு பகுதியை நங்கூரத்தில் போட்டு, 20 கிலோவை 25 ஆக்கினால் பிடிமானத்துக்கு அதைவிட லாபம். கனமான சங்கிலிதான் படகை நிறுத்துகிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. லேசான காற்றில் அது உண்மை. பலத்த காற்றில் சங்கிலி ஏறக்குறைய நேர்க்கோடாக விறைத்துவிடும், அப்போது பிடிப்பது நங்கூரம் மட்டும்தான். 8 மி.மீ.க்கு இன்னொரு வசதியும் உண்டு, டின்னிலும் ஐஎஸ்ஓவிலும் கண்ணி நீளம் ஒன்றுதான், 24 மி.மீ.

நீளம் எவ்வளவு? பினாங்கில் ஏற்ற நாட்களில் நீர் இரண்டரை மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஜெரெஜாக் தீவுக்கும் நமக்கும் நடுவில் நங்கூரம் போடுகிறீர்கள், வரைபடம் 6 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஏற்றம் 2.5, தண்ணீரிலிருந்து உங்கள் முன் ரோலர் உயரம் 1.3. மொத்தம் 9.8. ஐந்து மடங்கு விட்டால் 49 மீட்டர். சுமத்ரா அடிக்கும் என்று தெரிந்தால் ஏழு மடங்கு, கிட்டத்தட்ட 70. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்கிலிருந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அறைந்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும் காற்று அது. ஆகவே 60 மீட்டர் சங்கிலி, அதன் வாலில் 30 மீட்டர் நைலான் கயிறு. கயிறும் சங்கிலியும் இரண்டையும் பிடிக்கும் ஜிப்சி கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கயிற்றின் கடைசி முனையை, சங்கிலி சேரும் லாக்கருக்குள் பலமான வளையத்தில் கட்டுங்கள், ஷேக்கிள் என்ற இரும்புப் பூட்டு வளையம் போட்டுப் பூட்டாதீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டிய நேரம் வந்தால் கத்தியால் அறுக்கிற மாதிரி கயிறு டெக்குக்கு மேலே வர வேண்டும்.

சரி, லாக்கர். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சங்கிலி ஜிப்சியை விட்டு உள்ளே விழுவது அதன் சொந்த எடையால்தான், யாரும் பிடித்து இழுப்பதில்லை. கீழே குவியும் சங்கிலியின் உச்சிக்கும் டெக்கின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் குறைந்தது 30 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். அதாவது முழுச் சங்கிலியும் உள்ளே வந்த பிறகு 30 செ.மீ. இல்லை என்றால் விழும் சங்கிலிக்கு இழுக்கும் எடை போதாமல் ஜிப்சியின் மேலேயே சுருண்டு சிக்கும்.

உள்ளே விழும் சங்கிலி கோபுரம் மாதிரி குவியும். பக்கவாட்டில் அகலமாக, ஆழம் குறைந்த லாக்கர் என்றால் அந்தக் கோபுரம் சீக்கிரமே டெக்கைத் தொட்டுவிடும். படகு ஆடும்போது சரியும். சரிந்த பக்கத்தில் மேல் கண்ணிகள் அடிக் கண்ணிகளுக்குக் கீழே புகுந்துகொள்ளும், அடுத்த தடவை நங்கூரம் இறக்கும்போது ஒரு பெரிய முடிச்சாகத் துளையில் வந்து அடைக்கும். ஆழமான, ஒடுக்கமான லாக்கர்தான் நல்லது. உங்களுடைய படகு வயதான படகு என்பதால் முன்னால் மேலோட்டமான லாக்கர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வழவழப்பான பெரிய பிவிசி குழாய் ஒன்றைச் சாய்வாகப் பொருத்திச் சங்கிலியைக் கொஞ்சம் பின்னால், தாழ்ந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். சரிவு நல்ல இறக்கமாக இருக்க வேண்டும், படுக்கையாக வைத்தால் சங்கிலி குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். முடிந்தால் எடையும் மூக்கிலிருந்து பின்னால் நகரும்.

விண்ட்லஸில் இரண்டு வகை. படுக்கை அச்சில் சுற்றுவது ஒன்று, நிமிர்ந்த அச்சில் சுற்றுவது இன்னொன்று. நிமிர்ந்ததில் சங்கிலி ஜிப்சியை அரை வட்டம் சுற்றிக்கொண்டு உள்ளே போகும், பிடி நன்றாக இருக்கும். டெக்கின் மேல் இடமும் அடைக்காது. ஆனால் மோட்டார் டெக்குக்குக் கீழே, லாக்கருக்குள் தொங்கும். அதாவது சங்கிலி விழ வேண்டிய உயரத்தை அது தின்றுவிடும், நாள் முழுக்க உப்பு ஈரத்திலும் ஊறும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த மோட்டாரின் உறை துருப்பிடிக்க அதிக காலம் ஆகாது. படுக்கை வகையில் சங்கிலி கால் வட்டம்தான் சுற்றும், பிடி கொஞ்சம் குறைவு, மோட்டார் மேலே உறைக்குள் இருக்கும், பொருத்துவதும் கழற்றுவதும் எளிது. மேலோட்டமான லாக்கர் என்றால் நான் படுக்கை வகையைத்தான் சொல்வேன். இத்தாலியின் லோஃப்ரான்ஸ், குவிக், நியூசிலாந்தில் பிறந்த மேக்ஸ்வெல், தாஸ்மேனியாவின் மியூர், இங்கிலாந்தின் லூமார் எல்லாம் கேட்ட பெயர்கள்தான். பெயரைவிட முக்கியம் சீலும் ஜிப்சியும் இன்னும் பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்பது. கரண்ட் போனால் கைப்பிடி போட்டு இழுக்க வழி இருக்கிறதா என்பதும்.

பலம் எவ்வளவு வேண்டும்? நங்கூரம், சங்கிலி எல்லாம் சேர்த்த எடையை மூன்றால் பெருக்கிக்கொள்வது பொதுவான கணக்கு. 8 மி.மீ. 60 மீட்டர் 84 கிலோ, நங்கூரம் 20, மொத்தம் 104. மூன்று மடங்கு 312 கிலோ. 10 மி.மீ. என்றால் அதே கணக்கு 465 வரை போகும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் மோட்டார் திணறி நிற்கும் இடத்து இழுவை. தொடர்ந்து இழுக்கும் பாரம் என்று சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும், அதையும் படியுங்கள். 8 மீட்டர் ஆழத்தில் உண்மையில் தொங்குவது எட்டு மீட்டர் சங்கிலியும் நங்கூரமும்தான், முப்பது கிலோ சொச்சம். மிச்சம் பலமெல்லாம் உராய்வுக்கும், சேற்றுக்கும், நம்முடைய அவசரத்துக்கும்.

பொருத்தும்போது முன் ரோலரின் பள்ளமும் ஜிப்சியும் ஒரே கோட்டில் வர வேண்டும், பக்கவாட்டிலும் சரி, உயரத்திலும் சரி. கோடு தப்பினால் நிமிர்ந்த வகையில் சங்கிலி ஏறி ஏறி வெளியே வரும். ஒரு நூல் கட்டி நாலு தடவை பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். டெக்கின் இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவில் பல்சா மரம் இருந்தால் துளையைச் சுற்றி அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு மறுபடி துளையிடுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் தண்ணீர் இறங்கி மூக்கு முழுக்கப் பொதபொதவென்று ஆகிவிடும். அடியில் அகலமான தாங்கு தகடு வேண்டும். நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் பசையைத் தவிர்த்து, பின்னாளில் கழற்ற முடிகிற சீலன்ட் போடுங்கள்.

வயருக்கு வருகிறேன். கேபின் பேட்டரியிலிருந்தே இழுக்கலாம், தாராளமாக. மூக்கில் தனி பேட்டரி வைக்கச் சொல்பவர்கள் உண்டு. 36 அடிப் படகில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மறுபடி மூக்கில் எடை, அதற்குச் சார்ஜ் போட இன்னொரு வயர், ஈரத்தில் இன்னொரு பேட்டரி. வயரின் தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரி நடுவில் இருந்தால் முன்முனைக்குப் போக 7 மீட்டர், திரும்பி வர 7, மொத்தம் 14. 1000 வாட் மோட்டார் வேலை செய்யும்போது 100 ஆம்பியர் இழுக்கும். 16 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். 35 போட்டால் 0.7, 50 போட்டால் 0.5. பாரத்தில் பேட்டரியே 11.8க்கு இறங்கியிருக்கும்போது ஒன்றரை வோல்ட் வயரில் போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 10.3. மெதுவாகச் சுற்றும், சூடாகும், ஒருநாள் புகையும். ஆகவே 35க்குக் குறையாதீர்கள், வெள்ளீயம் பூசிய படகு வயராக இருக்கட்டும். முனைகளை ஹைட்ராலிக் கிரிம்ப் வைத்து அழுத்தி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். கார் பட்டறையில் சுத்தியலால் தட்டித் தருவார்கள், அது வேண்டாம். பிரேக்கர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அளவு விண்ட்லஸ் கையேட்டில் சொன்னபடி. முன்னும் பின்னும் சுற்றவைக்கும் சொலினாய்டு பெட்டியைச் சங்கிலி லாக்கருக்குள் வைக்காதீர்கள், சுவருக்கு இந்தப் பக்கம், காய்ந்த இடத்தில் வையுங்கள்.

கால் சுவிட்ச் நம் வெயிலில் ரப்பர் வெடித்துத் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குடித்தால் யாரும் மிதிக்காமலே சுற்ற ஆரம்பிக்கலாம். வயருள்ள கை ரிமோட் எனக்குப் பிடிக்கும், வேலை முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். எதுவானாலும் உபயோகிக்காத நேரத்தில் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். விண்ட்லஸ் விரலை எடுத்துவிடும், விளையாட்டில்லை. சங்கிலி சிக்கினால் முதலில் பிரேக்கர், அப்புறம்தான் கை. கைலி கட்டிக்கொண்டு சுற்றுகிற விண்ட்லஸ் பக்கம் போகவே கூடாது.

நங்கூரம் எடுக்கும்போது விண்ட்லஸ் படகை இழுக்கக் கூடாது. இன்ஜினைப் போட்டு, சங்கிலி இருக்கும் திசையில் மெல்ல முன்னே போய், தளர்ந்த சங்கிலியை மட்டும் அது சுருட்ட வேண்டும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜையும் தாங்கிக்கொள்ளும். சங்கிலி செங்குத்தாக வந்து நங்கூரம் சேற்றில் இறுகிக் கிடந்தால் மோட்டாரை முனகவிடாதீர்கள். சங்கிலியைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டாப்பரில் பூட்டிவிட்டு இன்ஜினால் மெதுவாக முன்னே தள்ளினால் தானாகப் பிய்த்துக்கொண்டு வரும்.

நங்கூரத்தில் நிற்கும்போதும் அப்படித்தான், பாரம் விண்ட்லஸில் இருக்கவே கூடாது. 12 மி.மீ. மூன்று புரி நைலான் கயிறு 8, 10 மீட்டர் எடுத்து, ஒரு முனையைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையை முன்பக்கத்தில் கயிறு கட்டும் கிளீட்டில் கட்டி, பாரம் முழுவதும் கயிற்றுக்கு மாறும் வரை சங்கிலியை இன்னும் கொஞ்சம் விடுங்கள். இதுதான் ஸ்னப்பர். நைலான் நீண்டு கொடுக்கும், சங்கிலி கொடுக்காது. சுமத்ரா அடித்து அலை எழும்பும்போது ஒவ்வொரு உதறலையும் அந்தக் கயிறுதான் வாங்கிக்கொள்ளும். ரோலரில் உராயும் இடத்தில் பழைய தோட்டக் குழாய்த் துண்டைச் செருகிவிடுங்கள். கயிறு அறுந்தாலும் பாரம் ஜிப்சிக்குப் போகாமல் ஸ்டாப்பர் பிடிக்கும்படி அதையும் பூட்டி வைக்க வேண்டும்.

பினாங்குச் சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெரெஜாக் பக்கம் அடியில் கரும் சேறு, நாற்றமும் உண்டு. அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயு சங்கிலியின் துத்தநாகப் பூச்சைத் தின்னும். அதனால் நங்கூரத்துப் பக்கம் இருக்கும் முதல் சில மீட்டர்தான் சீக்கிரம் பழுப்பாகும். சங்கிலியை முனை மாற்றிப் போட்டால் ஆயுள் கூடும். சேறும் சிப்பியுமாக அப்படியே லாக்கருக்குள் விட்டால் கண்ணிகள் ஜிப்சியில் உட்காரா, வடிகால் துளையும் அடைத்துக்கொள்ளும். கடல் தண்ணீர் பம்ப் ஒன்று வைத்து, சங்கிலி ரோலருக்கு வரும் இடத்திலேயே பீய்ச்சிக் கழுவுங்கள். விண்ட்லஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் இதற்கு ஒதுக்குவது வீணில்லை. குறி வைக்கப் பெயிண்ட் அடித்தால் இந்தச் சேறு சில மாதத்தில் சுரண்டிவிடும், பத்து மீட்டருக்கு ஒன்றாக வண்ணக் கேபிள் டை கட்டிவிடுங்கள். மெல்லிய சேற்றில் பிடிமானத்துக்கு ஃபோர்ட்ரெஸ் மாதிரி அகலத் தகடு நங்கூரம் ஒன்றை இரண்டாவதாக வைத்திருப்பது நல்லது. அதன் தகட்டுக் கோணத்தைச் சேற்றுக்கு 45 பாகைக்கு மாற்ற முடியும்.

இப்போது அந்தப் பழைய விண்ட்லஸ். பார்க்கப் போகும்போது உங்கள் சங்கிலியில் ஒரு மீட்டரை எடுத்துப் போங்கள். ஜிப்சியில் வைத்து அழுத்திப் பாருங்கள், கண்ணி ஒவ்வொன்றும் குழியில் முழுதாக உட்கார வேண்டும். குழியின் விளிம்பு கூர்மையாகத் தேய்ந்திருந்தால் புது ஜிப்சி கிடைக்குமா என்று விசாரித்த பிறகுதான் விலை பேச வேண்டும். கிளட்சைத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். பல வருடம் தொடாமல் கிடந்தால் கிளட்சின் கூம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் ஊற்றும் வகையாக இருந்தால் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கியர் கறுத்துப் போகாமல் இருந்தால் சீல் மாற்றிக் காப்பாற்றலாம். மோட்டாரைத் தடித்த வயரில் நேராகப் பேட்டரியில் மாட்டி இரண்டு திசையிலும் ஓடவிடுங்கள். பாரம் இல்லாமலே சூடானாலோ, உறையைத் தட்டினால் துருச் செதில் உதிர்ந்தாலோ விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள். உறையைத் திறந்து காட்ட விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வந்துவிடுங்கள்.